நாடாளுமன்றக் குழு முன் கமல் பேசினார்... வீடியோ எங்கே?

இரட்டைக் கோபுரத் தாக்குதல் மீட்புப் பணியாளர்களின் நிவாரண நிதிக்காக, அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் காமெடியன் ஜான் ஸ்டூவர்ட் 2019 ஜூனில் கொதித்துப் பேசிய வீடியோ செம வைரல். நம்ம ஊர்ல இப்படி நடக்காதா?

நடந்திருக்கு. 2021 ஜூலையில், சசி தரூர் தலைமையிலான நிலைக்குழு முன் ஆஜரானார் ஆழ்வார்பேட்டை கமல்ஹாசன். விஷயம், ஒளிப்பதிவு சட்டத் திருத்த வரைவு. சென்சார் சான்று வாங்கிய படத்தையும் மறுபரிசீலனைக்கு அனுப்ப மத்திய அரசுக்கு அதிகாரம் தரும் வரைவு அது. திரையுலகமே பதறியது.

ஆனால் நேரலை கிடையாது. மக்களவை விதி 266-ன்படி குழுக் கூட்டங்கள் மூடிய அறைக்குள்தான். சாட்சி சொன்னதை, அவையில் வைக்கும்வரை வெளியிடவும் முடியாது.

2023-ல் நிறைவேறிய சட்டத்தில் அந்த அதிகாரம் இல்லை. 2025 ஜூலை முதல் கமலே மாநிலங்களவை எம்.பி. இனி கேள்வி கேட்கும் பக்கமும் உட்காரலாம்!