பத்து மாதத்து இடர்கள்

திருப்பெருந்துறை என்னும் ஆவுடையார்கோவிலை மாணிக்கவாசகரிடமிருந்து பிரித்துப் பேச இயலாது. குதிரை வாங்கப் புறப்பட்ட பாண்டிய அமைச்சர், குருந்த மரத்தடியில் குருவைக் கண்டு ஆட்பட்ட ஊர் இது என்பது மரபு. அவர் பாடிய போற்றித் திருவகவல், கருவிலிருக்கும் உயிர் மாதந்தோறும் தப்பிவரும் இடர்களை வரிசையாக எண்ணுகிறது. மனிதக் கை நுழைய முடியாத இடமாகக் கருப்பை இருந்த காலம் அது.

அக்கதவு 1963-இல் திறந்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் வில்லியம் லைலி, தாயின் வயிற்றின் வழியே ஊசி செலுத்தி, ரத்தப் பிரிவு ஒவ்வாமையால் நலிந்த கருவுக்கு ரத்தம் ஏற்றினார். ஆனால் பரம்பரை நோய்க்கு மாற்று ரத்தம் தற்காலிகத் துணையே. மரபணுவையே திருத்த வேண்டும்.

அதைச் சுமந்து செல்வது யார்? முதலில் நாடப்பட்டது வைரஸ். 1999-இல் பென்சில்வேனியாவில் வைரஸ்வழிச் சிகிச்சை பெற்ற பதினெட்டு வயது இளைஞர், உடலின் கடும் எதிர்ப்பால் உயிரிழந்தார். எனினும் வைரஸைத் தள்ளிவிடுவதற்கில்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அதன் துணையுடன் ஹீமோஃபிலியா நோயாளிகள் ஐவருக்கு அளித்த சிகிச்சையின் நற்பலன் 2024-இல் வெளியாயிற்று.

வளரும் கருவிலோ அச்சம் பெரிது. வைரஸ் கொணரும் மரபணு வேண்டாத இடத்தில் ஒட்டிக்கொண்டால் அது வாழ்நாள் முழுதும் தொடரலாம். ஆகவே வைரஸற்ற ஊர்திகள் தேடப்பட்டன. 1987-இல் ஃபெல்க்னர் குழுவினர் கொழுப்புத் துளிகளால் மரபணுவைச் செல்லுக்குள் புகுத்திக் காட்டினர். 2018-இல் யேல் ஆய்வாளர்கள், செயற்கை மரபிழையை மக்கும் நுண்துகள்களில் பொதிந்து, தலசீமியா கொண்ட எலிக் கருவுக்குள் செலுத்தினர். பிறந்த குட்டிகளின் ஹீமோகுளோபின் இயல்பு அளவை எட்டியது. 2021-இல் ஃபிலடெல்ஃபியாவில் கொழுப்பு நுண்துகள்கள் எலிக் கருவின் ஈரலுக்கு ஆர்.என்.ஏ.வைக் கொண்டு சேர்த்தன. அதே நகரில் 2025-இல், பிறந்து சில மாதமேயான குழந்தையின் ஈரல் மரபணு இவ்வகைத் துகள்களாலேயே திருத்தப்பட்டது.

கருவுக்கென்று சில சாதகங்கள் உண்டு. உடல் சிறிது, மருந்தும் சிறிதே போதும். மூலச் செல்கள் பெருகும் பருவம். எதிர்ப்பாற்றல் இன்னும் முதிரவில்லை. இருப்பினும் கருவில் கண்ட இவ்வெற்றிகள் எலிகளுடையவை.

கருவில் தலசீமியா உண்டென்று அறியும் பெற்றோர் முன் இன்றிருப்பவை இரண்டே வழிகள்: கருவைக் கலைப்பது, அல்லது நோயோடு பெற்று வளர்ப்பது. மூன்றாவது வழி ஒன்று பிறக்குமானால், அது நோயற்ற ஒரு பெண்ணின் உடல் வழியாகவே செல்லும். பத்தாம் மாதத்துத் துன்பத்தைப் பாடும்போது மாணிக்கவாசகர் தாயையும் சேர்த்தே சொல்கிறார். மருத்துவம் அவளை முதல் மாதத்திலிருந்தே கணக்கில் கொள்ள வேண்டியிருக்கிறது.