ஆவாரம் பட்டை வாசம்

என் அப்பாவின் பெருவிரலில் ரேகை கிடையாது. மசி தொட்டுக் காகிதத்தில் வைத்தால் கறுப்பாக ஒரு வட்டம் விழும், அவ்வளவுதான். சுண்ணாம்புக் குழியிலிருந்து இருபத்தெட்டு வருஷம் மாட்டுத்தோலை இழுத்துப் போட்ட கை அது. தாராவியில் எங்கள் சந்துப் பெரியவர்கள் பலருக்கும் அப்படித்தான் இருந்தது.

நான் அந்தச் சந்தில் 1962-இல் பிறந்தவன். இப்போது குடியிருப்பு செம்பூரில். காலையில் ரயிலேறி, குர்லாவில் மாறி, சயானில் இறங்கி நடக்கிறேன். எந்த இடத்தை விட்டு என்னை வெளியே அனுப்ப அப்பா பாடுபட்டாரோ, அதே இடத்துக்குப் போய்த் தோல் வெட்டித் தைக்கிறேன். முப்பது வருஷம் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் இருந்துவிட்டு, 2013-இல் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவன். "பிடிச்ச வேலைக்கு வந்துட்டீங்க, குடுத்து வச்சவர் நீங்க" என்று நண்பர்கள் வாழ்த்துகிறார்கள். பிடித்த வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் தோல் வேலையில் பிடித்தது பிடிக்காதது என்று பேசுவதற்கு முன்னால், இந்த ஊரில் அது யார் கைக்கு எப்படி வந்தது என்று சொல்லியாக வேண்டும்.

தாராவி முதலில் கோலி மீனவர்களின் ஊர். மாஹிம் கழிமுகத்தை ஒட்டிய சதுப்பு. 1737-இல் ஆங்கிலேயர் கட்டிய காலா கில்லா இன்றும் அங்கே சிதிலமாய் நிற்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாய் வளர வளர, நாற்றமடிக்கும் தொழில்களை நகரம் வடக்கே தள்ளிக்கொண்டே வந்தது. தோல் பதனிடுவது அதில் முதலாவது. பாந்த்ராவில் அறுப்புக்கூடம் இருந்தது, கழிவுநீர் விடக் கழிமுகம் இருந்தது, ஏன் என்று கேட்க ஆளில்லாத நிலமும் இருந்தது. தெற்கே தாது வருஷப் பஞ்சம் மனிதர்களைத் தின்றுகொண்டிருந்த காலம். 1871-இல் பம்பாய்த் தண்டவாளமும் மதராஸ் தண்டவாளமும் ராய்ச்சூரில் ஒன்று சேர்ந்திருந்தன. பஞ்சமும் ரயிலும் சேர்ந்து தெற்கத்தி ஆட்களை வடக்கே நகர்த்தின. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்களில் தோல் வியாபாரம் தெரிந்த தமிழ் முஸ்லிம்கள் டேனரி போட்டார்கள். குழியில் இறங்கியவர்கள் ஆதிதிராவிடர்கள். தாராவியின் படி மஸ்ஜித் 1887-ஐச் சேர்ந்தது, பிள்ளையார் கோயில் 1913-ஐச் சேர்ந்தது. வந்தவர்கள் ஊர் திரும்பும் எண்ணத்தை எப்போது கைவிட்டார்கள் என்பதை நான் இந்த இரண்டு வருஷங்களில்தான் படிக்கிறேன்.

குழிவேலை என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பச்சைத் தோல் உப்புப் போட்டு வரும். தண்ணீரில் ஊறவைத்து உப்பும் ரத்தமும் போக அலச வேண்டும். அடுத்தது சுண்ணாம்புக் குழி. நாள் கணக்கில் கிடந்தால்தான் மயிர்க்கால் இளகும். பிறகு வளைந்த மரக்கட்டையின் மேல் போட்டு, இரண்டு பக்கமும் பிடி வைத்த மொட்டைக் கத்தியால் முடியைத் தள்ள வேண்டும். புரட்டிப் போட்டு, கூரான கத்தியால் ஒட்டியிருக்கும் சதையையும் கொழுப்பையும் சீவ வேண்டும். சுண்ணாம்பு போக மறுபடி கழுவல். அதற்கப்புறம்தான் ஆவாரம் பட்டைத் தண்ணீர். முதலில் நீர்த்த தண்ணீர், பிறகு கொஞ்சம் கெட்டி, பிறகு இன்னும் கெட்டி என்று குழி குழியாக மாற்றிக்கொண்டே போவார்கள். எடுத்ததுமே கெட்டித் தண்ணீரில் போட்டால் மேல்பக்கம் இறுகிவிடும், உள்ளே சாறு இறங்காது. கடைசியில் கடுக்காய்த் தண்ணீர், எண்ணெய், நிழலில் உலர்த்தல். தோல் பக்குவமானதா என்று பார்க்க அப்பா ஓரத்தில் ஒரு நறுக்கு வெட்டி வெளிச்சத்தில் பிடிப்பார். வெட்டுவாயின் நடுவில் வெளுத்த கோடு தெரிந்தால் மறுபடி குழிக்குள் போகும்.

இது வேதியியல். வாரக்கணக்கில் பொறுமையாக, கண்ணாலும் விரலாலும் அளந்து செய்த வேதியியல். செய்தவர்களின் சாதியைப் பார்த்து இந்த நாடு அதற்கு அந்தப் பெயரைக் கொடுக்கவில்லை. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மதராஸ் ஓவியக் கல்லூரியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் குரோம் உப்பால் தோல் பதனிடும் சோதனைகளைச் செய்தார். முதல் உலகப்போருக்குச் சற்று முன்னால் சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரம் பக்கம் குரோம் லெதர் கம்பெனியை நிறுவினார். அந்தக் கம்பெனியால் ஓர் ஊருக்கே குரோம்பேட்டை என்று பெயர் வந்துவிட்டது. சந்தோஷம்தான். பட்டைத் தண்ணீரில் முழங்கால் வரை நின்றவர்கள் பெயரில் தாராவியில் ஒரு சந்தைக்கூட நான் பார்த்ததில்லை.

ஒன்பது வயதில் எனக்கு இருந்த ஒரே ஆசை தோலில் ஏதாவது செய்ய வேண்டும் என்பதுதான். அப்பா கொண்டுவந்த நறுக்குத் துண்டு ஒன்று கிடைத்தது. ஆணியால் ஓட்டை போட்டு, சாக்குத் தைக்கும் நூலை மெழுகில் இழுத்து, கோலிக்குண்டு வைக்க ஒரு பை தைத்தேன். ஒரு பக்கம் பதினோரு ஓட்டை, மறு பக்கம் பன்னிரண்டு. வாய் கோணிக்கொண்டு நின்றது. எனக்கு அது பெரிய அழகாகத் தெரிந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். வாத்தியார் மூக்கைப் பொத்திக்கொண்டு, இரண்டு விரலால் அதைத் தூக்கி, ஜன்னல் வழியாக வெளியே போட்டார். வகுப்பே சிரித்தது. ராத்திரி அப்பாவிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை.

"ஏலே, இந்த வாடை என்னோட போட்டும். நீ பேனாவப் புடி."

அது 1971. அதே வருஷம்தான் தேவ்னாரில் மாநகராட்சியின் புது அறுப்புக்கூடம் வந்து, பாந்த்ரா வேலை அங்கே மாறியது. அதன்பின் வந்த வருஷங்களில் டேனரிகள் ஒவ்வொன்றாகத் தாராவியை விட்டுப் போயின. குழிகளைத் தூர்த்து மேலே ரூம் கட்டினார்கள். வெட்டுவதும் தைப்பதும் மட்டும் தங்கிவிட்டன. இன்று தாராவியில் பையும் பெல்ட்டும் ஆகிற தோல் சென்னையிலிருந்தும் கான்பூரிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் பதமாகி வருகிறது.

பேனாவைப் பிடித்தேன். மாட்டுங்காவில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் அப்பா என்னைச் சேர்த்தார். பம்பாய்த் தமிழனுக்கு அன்றைக்கு அதுதான் ஏணி. லோயர், ஹையர் இரண்டும் பாஸ் பண்ணி வேலைக்குப் போனேன், செம்பூரில் வீடு வாங்கினேன், பிள்ளைகளைப் படிக்கவைத்தேன். அந்த முப்பது வருஷத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அப்பா ஆசைப்பட்டது நடந்தது. நான் ஆசைப்பட்டது எங்கோ கிடந்தது.

2012 ஜூலையில் மகள் கல்யாணப் பத்திரிகை கொடுக்க, பழைய சந்துக்காரர் ஒருவரின் கார்கானாவுக்கு, அதாவது தோல் பட்டறைக்குப் போனேன். மழை பிடித்துக்கொண்டது. உள்ளே உஸ்தாத் ஒரு பையின் ஓரத்தைச் சீவிக்கொண்டிருந்தார். பீகார்க்காரர், என்னைவிட இருபது வயது இளையவர். பளிங்குக் கல்லின் மேல் தோலை விரித்து, ராம்பி என்கிற சீவுகத்தியைப் படுக்கவைத்து ஒரே இழுப்பு. தாள் கனத்துக்கு ஒரு சுருள் எழுந்து விழுந்தது. மடித்துத் தைக்கும் இடம் தடிக்காமல் இருக்க இப்படிச் சீவ வேண்டும். சாய்வு ஒரு இம்மி தவறினால் தோல் அறுந்துபோகும். அரை மணி நேரம் நின்று பார்த்தேன். பிறகு கேட்டு வாங்கி ஒரு கழிவுத் துண்டில் நானும் இழுத்தேன். அறுந்தது. இன்னொன்று வாங்கினேன். மழை விட்டு வெகுநேரம் கழித்துத்தான் நான் அங்கிருந்து கிளம்பினேன்.

அடுத்த வருஷம் அங்கேயே போய்ச் சேர்ந்தேன். இரண்டு ஊசி, ஒரே நூல், ஒரே ஓட்டையில் எதிரெதிராகப் போய் வரும் தையல் கைக்கு வர எட்டு மாதம் ஆனது. மாட்டின் முதுகுத்தோல் நிற்கும், வயிற்றுத்தோல் இழுபடும், கழுத்தில் மடிப்புக் கோடு இருக்கும். எதை எங்கே வெட்டுவது என்பதைத் தொட்டுத் தொட்டுத்தான் கற்றேன்.

வீட்டில் சொன்னபோது அம்மா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. அப்பா போய்ச் சேர்ந்து அப்போது நான்கு வருஷம். மூன்றாம் நாள் காப்பி கொடுத்துக்கொண்டே கேட்டார்: "யாரும் ஒன்னப் போகச் சொல்லலியே? நீயாத்தான போற?"

"நானாத்தாம்மா போறேன்."

"அப்பச் சரி."

தாத்தாவிடமோ அப்பாவிடமோ இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அவர்கள் குழிக்குப் போனது பிறப்பைப் பார்த்து அனுப்பப்பட்டதால். நான் ராம்பியை எடுத்தது பிடித்துப்போனதால். சிறுவயது ஆசையைத் தேடிப் போகச் சொல்லும் பேச்சுகளைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் கேள்விதான் முதலில் நினைவுக்கு வருகிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்று வேளை சாப்பிட முடிகிற வீட்டில் பிறந்தவன்தான் ஒரு வேலையை ஆசைப்பட்டுச் செய்ய முடியும். அந்த வீட்டை எனக்குக் கட்டிக் கொடுத்தது ரேகையில்லாத அந்தக் கை.

தொழிலும் இன்று சுலபமாக இல்லை. 2015 மார்ச்சில் மகாராஷ்டிராவில் காளை, எருதுகளை அறுப்பதும் தடை செய்யப்பட்டது. தோல் வரத்து குறைந்து விலை ஏறி, எங்கள் பக்கத்துக் கார்கானாக்கள் இரண்டு ரெக்ஸினுக்கு மாறின. 2024-இல் தாராவி மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு தொடங்கி, கதவுகளில் எண் எழுதினார்கள். கட்டடம் போகும், புதிது வரும். டேனரிக் காலத்துச் சாமான்கள் எங்கே போகும் என்றுதான் எனக்குக் கவலை.

அப்பாவின் மொட்டைக் கத்தியைத் தேடினேன். 1994-லேயே பழைய இரும்போடு எடைக்குப் போட்டாகிவிட்டது என்றார் அம்மா. தாராவியிலிருந்து கல்யாணுக்கும் வாஷிக்கும் திருநெல்வேலிக்கும் போய்விட்ட தோல்காரக் குடும்பத்துப் பிள்ளைகளைக் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் பரணில் அப்படி ஒரு கத்தி, ஒரு கூலிச் சீட்டு, குழி ஓரத்தில் நின்று எடுத்த ஒரு போட்டோ இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பெரியவர்கள் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த டேனரி, எந்தக் குழி, என்ன கூலி என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.