எடிசனின் பேட்டரியும் ஒரு செல்ஃப் மோட்டாரும்

போன வாரம் லஞ்ச் டயத்தில் ஆபிஸில் ஒரே ரகளை. "ஒழுங்கா ஆயில் மாத்தினா எஞ்சின் மூணு லட்சம் கிலோமீட்டர் ஓடும்பா, உன் பேட்டரி எட்டு வருஷத்துல பல்லிளிச்சிடும்" என்று ஒரு கோஷ்டி. "எஞ்சினுக்குள்ள அசையற பார்ட்ஸ் நூத்துக்கணக்குல இருக்கு, மோட்டார்ல சுத்தறதே ஒண்ணுதான், எது முதல்ல கெடும் சொல்லு?" என்று இன்னொரு கோஷ்டி. நடுவில் உருண்டது என் தலை. முதல் கார் வாங்க லோனுக்கு அப்ளை பண்ணியிருப்பது நான்தானே!

அன்னிக்கு ராத்திரி இதைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தவன், விடிய ஆரம்பிக்கும்போதுதான் எழுந்தேன். இந்தச் சண்டைக்கு வயசு நூத்தி இருபதுக்கு மேல் மக்கா!

1900ல் அமெரிக்காவில் தயாரான கார்கள் மொத்தமே நாலாயிரத்துச் சொச்சம். அதில் நீராவி வண்டி 1,681, எலெக்ட்ரிக் 1,575. பெட்ரோல் வண்டி வெறும் 936. அதாவது கடைசி பெஞ்ச். அதற்கு முந்தின வருஷம்தான் பெல்ஜியத்துக்காரர் ஜெனாட்ஸி, பாரிஸ் பக்கத்தில் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிக் காட்டியிருந்தார். உலகத்திலேயே முதல் முறை. அதுவும் எலெக்ட்ரிக் கார்தான்.

அப்போது நம்ப முடியாத வண்டி என்று பெயர் வாங்கியது பெட்ரோல் எஞ்சின்தான். முன்னாடி ஹேண்டிலை விட்டு சுத்தணும் (பழைய அம்பாசடரில் பார்த்தவர்களுக்குத் தெரியும்). ஸ்பார்க் நேரம் கொஞ்சம் தப்பினால் எஞ்சின் பின்பக்கமாக உதைக்கும். கை எலும்பு உடைந்தவர்கள் ஏராளம்.

அப்புறம் எலெக்ட்ரிக் எங்கே கோட்டை விட்டது? நியூயார்க்கில் 1897லேயே எலெக்ட்ரிக் டாக்ஸி ஓடியது. பேட்டரி மட்டும் அரை டன்னுக்கு மேல். பிராட்வேயில் ஒரு ஸ்டேஷன். வண்டி உள்ளே போனால் காலியான பேட்டரியை உருவிவிட்டு, சார்ஜ் ஆனதைச் சொருகி சில நிமிஷத்தில் அனுப்பிவிடுவார்கள். இப்போது 'ஸ்வாப்பிங்' என்று ஸ்டார்ட்அப்காரர்கள் படம் காட்டுகிறார்களே, அதேதான் :-) ஆனால் அது லெட் ஆசிட் பேட்டரி. கல் பாவிய தெருவில் குலுங்கிக் குலுங்கி, ஏனோதானோ என்று சார்ஜ் ஏற்றி, தகடுகள் சீக்கிரமே உதிர்ந்துபோயின. டாக்ஸி ஓட்டிய எலெக்ட்ரிக் வெஹிக்கிள் கம்பெனி 1907ல் திவால்.

இந்த ஓட்டையை அடைக்க வந்தவர்தான் நம்ம எடிசன். ஈயமும் ஆசிடும் வேண்டாம், நிக்கலும் இரும்பும் போதும் என்றார். (ஸ்வீடனில் யுங்னர் என்பவரும் அதே சமயம் இதே வழியில் போய்க்கொண்டிருந்தார். அவர் பெயரை நமக்கு யாரும் சொல்லித்தருவதில்லை, பாவம்.) 1903ல் விற்பனைக்கு வந்தது. ஆஹா ஓஹோ விளம்பரம்.

வந்த வேகத்தில் ஊத்திக்கொண்டது. டப்பாவின் பத்தவைப்பு விட்டு உள்ளே இருந்த காரம் கசிந்தது. அதைவிடப் பெரிய வில்லன், கரண்ட் பாய்வதற்காக நிக்கலோடு கலந்திருந்த கிராஃபைட். சார்ஜ் ஏற்ற ஏற்ற அது அரிந்துபோனது. பேட்டரி சாகவில்லை, ஆனால் மாசாமாசம் கொள்ளளவு இறங்கியது. வாங்கியவனுக்கு இன்னும் எவ்வளவு தூரம் போகும் என்றே தெரியாது. எனக்கு இந்த இடம்தான் முக்கியமாகப் பட்டது. எஞ்சின் மக்கர் பண்ணினால் சத்தம் போட்டுப் பண்ணும். பேட்டரி சத்தமே போடாமல் கிழவனாகும்.

1904 கடைசியில் எடிசன் தயாரிப்பையே நிறுத்தினார். விற்றதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இந்த ஒரு விஷயத்துக்காகவே மனுஷனுக்கு ஒரு சல்யூட். ஐந்தாறு வருஷம் சோதனை மேல் சோதனை. கிராஃபைட்டைத் தூக்கிவிட்டு, மெல்லிய நிக்கல் செதில்களை அடுக்கடுக்காக ஓட்டை போட்ட எஃகுக் குழாய்க்குள் திணித்தார். 1910 வாக்கில் வந்த அந்த பேட்டரி உண்மையிலேயே இரும்பு. முழுக்கக் காலி பண்ணினாலும், ஓவராக சார்ஜ் போட்டாலும் தாங்கும். அதைப் போட்ட ஒரு டெட்ராய்ட் எலெக்ட்ரிக் கார், ஒரு சோதனையில் ஒரே சார்ஜில் 340 கிலோமீட்டர் ஓடியது. ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஓட்டியதும் ஒரு டெட்ராய்ட் எலெக்ட்ரிக்தான் என்பது உபரித் தகவல் ;-)

ஆனால் விலை? அந்த பேட்டரிக்கு மட்டும் எக்ஸ்ட்ரா 600 டாலர். 1914 முடிவதற்குள் முழு மாடல் டி காரே 500 டாலருக்குக் கீழே வந்துவிட்டது. போதாக்குறைக்கு, குளிர்காலத்தில் எடிசன் பேட்டரி சுருண்டு படுத்துவிடும்.

இதற்கு நடுவில் கெட்டரிங் என்று ஒரு எஞ்சினியர். கடையில் காசு வாங்கும் கேஷ் ரெஜிஸ்டருக்கு மோட்டார் வைத்தவர். அங்கே அவர் கற்ற பாடம் இதுதான்: சின்ன மோட்டாராக இருந்தாலும், சில வினாடிகளுக்கு மட்டும் என்றால் அதனிடம் பெரிய வேலை வாங்கலாம், சூடாகி எரிவதற்குள் நிறுத்திவிட்டால் போதும். கெடிலாக் முதலாளி லேலண்டின் நண்பர் பைரன் கார்ட்டர் ஹேண்டில் அடித்துத்தான் 1908ல் செத்துப்போனார் என்று ஒரு கதை சொல்வார்கள். அந்த லேலண்டுக்காகக் கெட்டரிங் செய்த செல்ஃப் மோட்டார் 1912 மாடல் கெடிலாக்கில் வந்தது. ஒரு பித்தானை அமுக்கினால் எஞ்சின் எழுந்துகொள்ளும்.

பெட்ரோல் காரின் பெரிய குறையைத் தீர்த்தது எது? அதே பேட்டரி, அதே மோட்டார்! நாள் முழுக்க வண்டியை இழுக்கச் சொன்னபோது தோற்ற லெட் ஆசிட், மூணு வினாடி உதைத்துவிட்டு ஓய்வெடு, எஞ்சினே உன்னைச் சார்ஜ் பண்ணும் என்றதும் ஜெயித்துவிட்டது. எடிசனின் பேட்டரியால் இது முடியாது. உள்ளே ரெசிஸ்டன்ஸ் ஜாஸ்தி, சட்டென்று நூத்துக்கணக்கான ஆம்பியரைக் கக்க வராது. உழைப்பாளி, ஆனால் நின்று நிதானமாக உழைப்பவர். செல்ஃப் மட்டுமே எலெக்ட்ரிக்கைக் கொன்றது என்று எழுதுகிறவர்களை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மாடல் டிக்கு செல்ஃப் வந்ததே 1919ல்தான். அதற்கு முன்பே விலையில் ஆட்டம் முடிந்துவிட்டது.

நூறு வருஷம் கழித்து அதே கிராஃபைட் கதை வேறு வேஷத்தில் வந்தது. 2010 கடைசியில் வந்த நிஸான் லீஃப் காரின் பேட்டரிக்குத் தண்ணி கூலிங் கிடையாது. 2012ல் அரிசோனா வெயிலில் பல பேருக்கு டிஸ்ப்ளேயில் பேட்டரிக் கோடு ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. கொள்ளளவு 12 கோட்டில் 9க்குக் கீழே போனால் சரிபண்ணித் தருகிறோம் என்று கம்பெனி வாரண்டி கொடுக்க வேண்டியதாயிற்று. இந்த விஷயத்தில் கேண்டீன் முதல் கோஷ்டி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் செத்தது பேட்டரி என்கிற ஜாதி இல்லை, கூலிங் இல்லாத ஒரு டிசைன். அதே காலத்தில் தண்ணி கூலிங்கோடு வந்த ஷெவர்லே வோல்ட்டுக்கு இந்தப் பாடு இல்லை.

எடிசன் பேட்டரி கம்பெனி என்ன ஆச்சு? சுரங்கம், ரயில்வே என்று அறுபது வருஷத்துக்கு மேல் ஓடியது. 1972ல் அதை எக்ஸைட் வாங்கியது, 1975ல் மூடியது. எக்ஸைட்டின் பூர்வீகம், எடிசன் எதிர்த்துக் கிளம்பிய அதே லெட் ஆசிட் கம்பெனி!

லோன் பேப்பரில் இன்னும் கையெழுத்து போடவில்லை. சனிக்கிழமை ஷோரூம் போகிறேன். பேட்டரிக்குத் தண்ணி கூலிங்கா காத்து கூலிங்கா, வாரண்டி எத்தனை சதவீதத்துக்கு என்று கேட்கணும். சேல்ஸ் பையன் முழித்தால், முழித்த கதையைத் தனிப் பதிவாகப் போடுகிறேன்.