விளக்கு ஏந்தியவரின் கணக்கு ஏடு

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் என்றதும் கையில் விளக்கோடு நிற்கும் பெண்தான் நம் நினைவுக்கு வருவார். செவிலியர் படிப்பில் எங்களுக்கும் அந்தப் படத்தைத்தான் காட்டினார்கள். இன்று அவருடைய இன்னொரு கையில் இருந்த கணக்கு ஏட்டைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

1854 நவம்பரில் 38 பெண்களோடு துருக்கியின் ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போனார். கிரிமியப் போர்க்காலம். அந்தக் குளிர்காலத்தில் வீரர்கள் கொத்துக்கொத்தாக மடிந்தார்கள். குண்டடிபட்டு இறந்தவர்களைவிட, காலராவிலும் வயிற்றுப்போக்கிலும் காய்ச்சலிலும் இறந்தவர்கள் பல மடங்கு. 1855 மார்ச்சில் அரசு அனுப்பிய சுகாதாரக் குழு அடைபட்டுக் கிடந்த சாக்கடைகளைச் சுத்தம் செய்து, காற்றோட்டத்துக்கும் வழி செய்தது. சாவு மளமளவென்று குறைந்தது.

ஊர் திரும்பியவரை நாடே கொண்டாடியது. அவரோ புள்ளியியல் அறிஞர் வில்லியம் ஃபாருடன் சேர்ந்து இறப்புக் கணக்கை ஆராய்ந்தார். தாம் பணிபுரிந்த ஸ்கூட்டாரியிலேயே சாவு மிக அதிகம் என்று தெரிந்தது. அதை அவர் மூடி மறைக்கவில்லை, அறிக்கையில் எழுதினார். போரே இல்லாத காலத்திலும், இங்கிலாந்தின் படைமுகாம்களில் இளம் வீரர்கள் அதே வயதுப் பொதுமக்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு இறந்துகொண்டிருந்தார்கள்.

எண்களை யார் படிப்பார்கள்? அதனால் 1858இல் வண்ணப் படமாக வரைந்தார். நீலம், தடுத்திருக்கக்கூடிய நோய், சிவப்பு, காயம், கறுப்பு, மற்றவை. நீலம்தான் படத்தை நிறைத்தது. முகாம்களின் குடிநீரும் கழிவுநீர் வசதியும் சீர்பட்டன. 1860இல் ராணுவ மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது.

பிறகு இந்தியாவிலிருந்த முகாம்களுக்குக் கேள்விப் படிவங்களை அனுப்பித் தகவல் திரட்டினார். 1863இல் அறிக்கை வந்தது. அடுத்த ஆண்டே சென்னை, பம்பாய், கல்கத்தாவில் சுகாதார ஆணையங்கள் அமைந்தன. ஆயிரம் பிரிட்டிஷ் வீரர்களுக்கு 69 ஆக இருந்த ஆண்டு இறப்பு, பத்தாண்டுகளில் 18 ஆனது.

ஓர் இடத்தில் அவர் தோற்றார். 1861 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் நோயாளிகள் எத்தனை பேர், வீடு எப்படிப்பட்டது என்றும் கேட்கச் சொன்னார். நாடாளுமன்றம் மறுத்தது. கேட்காத கேள்விக்குப் பதில் கிடைக்காது. பதில் இல்லாத துன்பத்துக்குச் சட்டமும் வராது.

நாம் குடியேறிய பல நாடுகளில் கணக்கெடுப்பின்போது வீட்டில் பேசும் மொழியைக் கேட்கிறார்கள். அங்கே தயங்காமல் 'தமிழ்' என்று எழுதுங்கள். ஆஸ்பத்திரியில் நம் பாட்டிக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் கிடைப்பது அந்தக் கட்டத்தில்தான் தொடங்குகிறது.