கோட் ஆஃப் ஆர்ம்ஸ்

பொருள்: குலச்சின்னம், ஐரோப்பியக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தாங்கிவரும் கேடயச் சின்னம்.

பெயரில் உள்ள ‘கோட்’ உண்மையிலேயே ஓர் உடைதான். இடைக்காலப் போர்வீரர்கள் இரும்புக் கவசத்தின் மேல் ஒரு துணி அங்கி அணிந்தார்கள். கேடயத்தில் தீட்டிய சின்னத்தையே அங்கியிலும் பொறித்தார்கள். அங்கியின் பெயர் பிறகு சின்னத்துக்கு ஆகிவந்தது. நம் இலக்கணத்தில் சொன்னால் ஆகுபெயர்.

12ஆம் நூற்றாண்டில் பரவிய இந்த வழக்கத்தைக் கற்றுத் தேர்ந்தவர்கள் ‘ஹெரால்டு’ எனப்பட்ட அறிவிப்பாளர்கள். அதனால் இத்துறைக்கு ‘ஹெரால்ட்ரி’ என்று பெயர். இங்கிலாந்தில் அவர்களுக்கான அமைப்பை 1484இல் மூன்றாம் ரிச்சர்டு மன்னர் நிறுவினார்.

சில சின்னங்கள் குடும்பப் பெயரையே படமாக்கும். நாடகாசிரியர் ஷேக்ஸ்பியரின் தந்தை ஜானுக்கு 1596இல் வழங்கப்பட்ட சின்னம் இதற்கு அருமையான சான்று. ‘ஸ்பியர்’ என்றால் ஈட்டி. பொன்னிறக் கேடயம், குறுக்கே சாய்ந்த கறுப்புப் பட்டை, அதன்மேல் ஓர் ஈட்டி. கேடயத்தின் உச்சியில் நிற்கும் வல்லூறும் ஈட்டி ஏந்தியிருக்கிறது. உச்சியிலுள்ள இந்த உருவம் மட்டுமே ‘கிரெஸ்ட்’. முழுச் சின்னத்தையும் அப்படி அழைப்பது பிழை.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலேய மரபில் சின்னம் பெற்றவருக்கும் அவருடைய வாரிசுகளுக்குமே அது உரியது. ஒரே குடும்பப் பெயர் கொண்ட எல்லாருக்கும் பொதுவான சின்னம் என்று ஒன்று கிடையாது. உரிமையைத் தருவது வம்சாவளி; பெயர் ஒற்றுமை அன்று.