யாஸ்த்: நிலத்தடி நீரால் நிலைத்த நகரம்

புனேயின் பழைய தெருமுனைகளில் எஞ்சியிருக்கும் ஈரானியத் தேநீர்க் கடைகளின் பின்னே ஒரு பாலைவன நகரத்தின் வரலாறு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் பம்பாய்க்கும் புனேவுக்கும் குடிபெயர்ந்த ஈரானியருள் பலர் யாஸ்த் நகரையும் அதன் சுற்றுச் சிற்றூர்களையும் சேர்ந்தவர்கள்.

கவீர், லூத் என்னும் இரு பெரும் பாலைகளுக்கிடையே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் அமைந்தது யாஸ்த். ஆண்டு மழை சுமார் 60 மில்லிமீட்டரே. வற்றாத ஆறும் இல்லை. ஆயினும் 1272இல் மார்க்கோ போலோ அவ்வழி சென்றபோது, அது பட்டு நெசவில் புகழ்பெற்ற வணிக நகரமாக விளங்கியது.

அந்நகரை வாழவைத்தது கனாத் என்னும் நிலத்தடி வாய்க்கால். 4,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த ஷீர்கூ மலையின் அடிவாரத்தில் முதற்கிணறு தோண்டப்படும். அங்கிருந்து மிக மெல்லிய சரிவில் குடையப்படும் சுரங்கம், ஊற்று நீரைத் தன்னோட்டமாகவே ஊருக்குக் கொணரும். மண்ணை அகற்றவும் காற்று புகவும் இடையிடையே செங்குத்துத் துளைகள் உண்டு. நீர்ப்பங்கீட்டை அளந்தது அடியில் துளையிட்ட செப்புக் கிண்ணம். நம் நாழிகை வட்டிலின் உறவுமுறை அது. 2016இல் பாரசீகக் கனாத்துகளும், 2017இல் யாஸ்த் நகரும் உலக மரபுச் சின்னங்களாயின.

புனேவிலும் இதற்கோர் ஒப்புமை உண்டு. பேஷ்வா நானாசாகேப் காலத்தில், 1750ஐ ஒட்டி, காத்ரஜ் ஏரிநீர் நிலத்தடிக் கல்வாய்க்கால் வழியாகச் சனிவார் வாடாவை நோக்கிக் கொண்டுவரப்பட்டது. கனாத் ஊற்று நீரையும் காத்ரஜ் வாய்க்கால் ஏரிநீரையும் சுமந்தன. எனினும் சரிவை மட்டுமே நம்பிய நுட்பம் இரண்டுக்கும் பொது.

ஈரானில் 20ஆம் நூற்றாண்டில் பரவிய ஆழ்குழாய்க் கிணறுகள் நிலத்தடி நீர்மட்டத்தைத் தாழ்த்தின. எண்ணற்ற கனாத்துகள் வறண்டன. மலை தருவதற்கு மேல் கனாத் எடுக்க இயலாது. இயந்திரத்திற்கோ அத்தகைய எல்லை இல்லை. விவசாயக் குடும்பங்கள் தம் விளைநிலங்களை ஒன்றுசேர்த்து எழுப்பிய மகர்பட்டா முதலாகப் புனேயின் கிழக்கே நகரம் விரிந்துகொண்டே செல்கிறது. கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் குடியிருப்புகளும் புறநகர்களில் பெருகிவிட்டன. நிலம் தரும் நீரின் அளவறிந்து, அதை முறைவைத்துப் பகிர்ந்ததாலேயே யாஸ்த் நிலைத்தது. அந்த அளவை மறக்கும் நகரத்திற்கு எத்தனை அணைகள் கட்டினாலும் போதா.