மிஞ்சிய பன்றிக்கறிக்கு ஒரு உருளைக்கிழங்கு மூடி

நம்மூரில் விருந்துக்கு மறுநாள் சுண்டக்குழம்பு வைப்போமில்லையா? வெள்ளைக்காரர்களுக்கும் அப்படி ஒன்று உண்டு. மிஞ்சிய கறியைப் பொடியாக்கி, மேலே மசித்த உருளைக்கிழங்கைப் பரப்பி, அடுப்பில் வேகவைத்து எடுப்பார்கள். மாட்டுக்கறி என்றால் காட்டேஜ் பை, ஆட்டுக்கறி என்றால் ஷெப்பர்ட்ஸ் பை. பன்றிக்கறி போட்டால்? அதற்குத் தனிப்பெயர் இல்லை. ஆனால் வரலாறு இருக்கிறது.

1791-ல் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் இருந்த பாதிரியார் ஜேம்ஸ் வுட்ஃபோர்ட் தன் டைரியில் 'காட்டேஜ் பை' சாப்பிட்டதாக எழுதியிருக்கிறார். காட்டேஜ் என்பது கூலித் தொழிலாளியின் குடிசை. பை என்றால் மேலே கோதுமை மாவில் மூடி போடணும். மாவும் கொழுப்பும் வாங்க ஏழைக்கு ஏது காசு? 1795-ல் கோதுமை விளைச்சல் பொய்த்து, ரொட்டிக்காகக் கலவரமே நடந்தது. உருளைக்கிழங்கு சாப்பிடுங்கள் என்று அங்குள்ள விவசாய வாரியம் பிரசாரம் செய்தது. ஆக, அந்த மூடி ருசிக்காக மட்டும் வந்ததல்ல, கையிருப்பைப் பார்த்து வந்தது.

ஷெப்பர்ட்ஸ் பை என்ற பெயர் வந்தது 19-ஆம் நூற்றாண்டில்தான். 1849-ல் எடின்பரோவில் வெளியான ஒரு சமையல் புத்தகத்தில், வெந்த கறி எதுவானாலும் சரி என்றே குறிப்பு இருக்கிறது. ஆடா மாடா என்ற பஞ்சாயத்தெல்லாம் பிற்பாடு வந்தது. ஆகவே பன்றிக்கறிக்காரர்கள் தயங்க வேண்டாம்.

ஞாயிறு மதியம் பெரிய துண்டாக வாட்டிய கறி, திங்கட்கிழமை பை. ஏன் திங்கள்? அன்று அங்கே துணி துவைக்கும் நாள். வீட்டு அம்மாவுக்குச் சமைக்க நேரம் கிடையாது.

இரண்டாம் உலகப் போரில் கதை இன்னும் சுவாரசியம். 1940 மார்ச்சில் பிரிட்டனில் கறிக்கு ரேஷன் வந்தது. எடைக்கணக்கு இல்லை, காசுக்கணக்கு! வாரத்துக்கு ஒரு ஆளுக்கு ஒரு ஷில்லிங் 10 பென்ஸ் மதிப்புள்ள கறி. விலை குறைந்த துண்டு வாங்கினால் அளவு கூடும். பாங்கில் வேலை பார்க்கும் எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது. போர்க்காலத்தில் உருளைக்கிழங்குக்கு ரேஷன் கிடையாது. அக்கம்பக்கத்தார் கூட்டாக 'பன்றி கிளப்' வைத்து, சமையலறைக் கழிவைப் போட்டு வளர்த்தார்கள். கறி ரேஷன் 1954 ஜூலையில்தான் ஒழிந்தது. அதுவரை கொஞ்சம் கறியைக் குடும்பம் முழுக்கப் பங்குபோட இந்தப் பை கைகொடுத்தது.

செய்முறை சுலபம். வெங்காயம், கேரட் வதக்கி, கொத்திய கறியும் கொஞ்சம் கறிச்சாறும் சேர்த்துக் கெட்டியாக்குங்கள். தட்டில் கொட்டி, வெண்ணெய் போட்டு மசித்த கிழங்கைப் பரப்பி, முள்கரண்டியால் கோடு இழுங்கள். 200 டிகிரியில் அரைமணி நேரம். பன்றிக்கறி கொஞ்சம் இனிக்கும், மிளகு தாராளமாகப் போடலாம். நடுவிலும் நன்றாகக் கொதிக்கணும், அது முக்கியம்.

நான் இருக்கும் கொல்கத்தாவில் ஆங்கிலோ இந்தியர்கள் இதையே தலைகீழாக்கி, கிழங்குக்குள் கொத்துக்கறியை வைத்துப் பொரித்து 'பொட்டேட்டோ சாப்' என்கிறார்கள்.

மிஞ்சியதைச் சாப்பிடுவதைக் கௌரவக் குறைச்சல் என்று நம் பிள்ளைகள் நினைக்க ஆரம்பித்திருக்கிறார்கள். ஒரு தேசமே அப்படித்தான் போரைத் தாண்டியது என்று சொல்லி வையுங்கள். உங்கள் வீட்டில் மிஞ்சியது என்னவாகிறது?